எட்டிப் பார்த்தல் கூடாது

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பலகை உண்டு. பெரியநாயக்கன்பாளையம் மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற உயரத்தில் வைத்திருக்கிறார்கள். ‘சுபசகுனம் கன்ட்ரோல்ஸ். இன்றோடு 741 நாட்கள் பிழையின்றி’ என்று எழுதியிருக்கும். வாட்ச்மேன் ராமுலு தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி எண்ணை மாற்றுவார். ஏணியிலிருந்து இரண்டு தடவை விழுந்து, ஒரு தடவை கையும் முறிந்தது. இரண்டு தடவையும் கேட்டுக்கு வெளிப்பக்கமாக விழுந்ததால் அது கம்பெனிப் பிழையில் சேரவில்லை.

நான் ரம்ஷா. கோட்டைமேட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போனவள். ஒன்பது வருஷம் இங்கே சி மொழியில் புரோகிராம் எழுதினேன். சுபசகுனம் முன்னே மோட்டார் ஸ்டார்ட்டர் செய்துகொண்டிருந்தது. இப்போது கோழிப்பண்ணைகளுக்குப் பெட்டி செய்கிறது. கோழிக் கொட்டகைக்குள், அதாவது செட்டுக்குள், எவ்வளவு சூடு என்று பெட்டி எங்கள் சர்வருக்குச் சொல்லும். சர்வர் ‘ஃபேனைப் போடு’ என்று உத்தரவு அனுப்பும். அந்த உத்தரவு எங்களிடமிருந்துதான் வருகிறதா, நடுவில் வேறு எவனாவது புகுந்து அனுப்புகிறானா என்று பெட்டி முதலில் சரிபார்க்கும். சர்வரிடம் அதற்கென்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. அது செல்லாவிட்டால் பெட்டி எந்த உத்தரவுக்கும் கீழ்ப்படியாது, ஃபேன் நின்றுவிடும்.

இந்தச் சரிபார்க்கிற வேலையைச் செய்வது ஒரு கிரிப்டோ லைப்ரரி. யாரோ புண்ணியவான்கள் எழுதி, ஊர் உலகமெல்லாம் பயன்படுத்துகிற தொகுப்பு. என் புரோகிராம் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அதற்கு ஒரு குணம் உண்டு. காரியம் நடக்கவில்லை என்றால் ‘நடக்கவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஏன் நடக்கவில்லை என்பதை ஒரு எண்ணாக்கி ஒரு வரிசையில் வைத்துவிடும். வேண்டுமென்றால் நாம் போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இரண்டு வழி. ஒன்று, எடுத்துப் பார்ப்பது. வரிசையில் முதலில் நிற்கிற எண்ணை நம் கையில் கொடுத்துவிடும், கொடுத்ததும் அது வரிசையை விட்டுப் போய்விடும். அடுத்தவர் வந்து கேட்டால் பூஜ்யம்தான் கிடைக்கும். இன்னொன்று, எட்டிப் பார்ப்பது. எண் என்னவென்று தெரிந்துகொள்ளலாம், அதுவும் இருந்த இடத்திலேயே இருக்கும். பூஜ்யம் என்றால் வரிசை காலி என்று அர்த்தம், அவ்வளவுதான். கோளாறே நடக்கவில்லை என்று அர்த்தம் கிடையாது. இதை நான் கம்பெனியில் பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். எண்ணி வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் எம்.டி. வெங்கடபதி ஏதோ மாநாட்டுக்குப் போய் வந்தார். வந்ததும் ‘பிழை வரவேற்பு மற்றும் மரியாதைப் பிரிவு’ என்று ஒன்றை ஆரம்பித்தார். உலகத்தில் எல்லாக் கம்பெனியும் பிழையை விரட்டுகிறது, நாம் வரவேற்போம் என்றார். பிரிவுக்குத் தலைவியாக பிரத்யுஷாவைப் போட்டார்.

பிரத்யுஷா என் சிநேகிதி. இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருஷம் ஒரே பெஞ்சு. நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு சொம்பு கஞ்சி எடுத்துவைப்பார் அம்மா. அவள் கல்யாணத்துக்கு முழங்கை வரை மருதாணி வைத்துவிட்டது நான். இந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே அவள்தான்.

பிரிவின் முதல் வேலை, பெட்டியின் ஸ்கிரீனில் வருகிற வாசகங்களுக்கு மரியாதை சேர்ப்பது. ‘சாவி பொருந்தவில்லை’ என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, என்ன இது, அடிக்க வருகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். ‘சாவி பொருந்தலைங்க’ போதுமா, ‘சாவிங்க பொருந்தலைங்க’ என்று சாவிக்கும் மரியாதை வேண்டுமா என்று ஒரு உபகுழு இரண்டு மாதம் உட்கார்ந்து பேசியது. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாடுபட்டது பூஜ்யத்துக்கான வாசகத்துக்கு. கடைசியில் ஒருமனதாக முடிவானது: ‘பிழை ஏதும் இல்லைங்க. நல்லா இருக்கறீங்களா?’

அதற்கப்புறம், புரோகிராமுக்கு நான் எழுதிய கையேட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு வெங்கடபதியின் மேஜைக்குப் போனது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். பதினாலாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரத்யுஷா நோட்டுப் புத்தகத்தோடு இருந்தாள்.

“இதென்னம்மணி, எட்டிப் பார்த்தல்?”

“வரிசையில இருக்கற பிழைய எடுக்காம, என்னன்னு மட்டும் பாக்கறதுங்க சார்.”

“எடுக்காம பாக்கறது. அதாவது, அடுத்தவிய ஊட்டுக்குள்ள சன்னல் வழியாப் பாக்கற மாதிரி.”

“இது நம்ம ஊட்டுப் பிழைதானுங்க சார்.”

“நம்ம ஊட்ட நாமளே எட்டிப் பாத்தா அது இன்னும் கேவலமில்லீங்களா? ஊட்டுக்கு வர்ற ஒரம்பர என்ன நெனைக்கும்? பொம்பளைப் புள்ளைங்க வேலை செய்யற எடம் இது. எட்டிப் பாக்கறதெல்லாம் நம்ம பழக்கமில்லீங்க. நேரா வாங்க, மரியாதையா எடுத்துப் பாருங்க. தமிழ்ல எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க? எடுத்துப் பாருங்கன்னுதான் சொல்றாங்க.”

“சார், எடுத்துப் பாத்தா அப்புறம் அது இருக்காதுங்க.”

“பாத்தாச்சில்லீங்க? அப்புறம் அது எதுக்கு இருக்கோணும்?”

சரி, புரியவைத்துவிடலாம் என்று கேன்டீனுக்கு ஓடினேன். ஒரு தட்டில் ஒரே ஒரு ஒப்பிட்டு, அதாவது போளி, வாங்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

“சார், லேசாத் தூக்கி எட்டிப் பாருங்க. என்ன இருக்குது?”

“ஒப்பிட்டு.”

“நீங்க பாத்ததுக்கப்புறமும் இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“இப்ப பிரத்யுஷா எடுத்துப் பாக்கட்டும்.”

பிரத்யுஷா எடுத்தாள். எம்.டி. எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தான் எப்படிச் சாப்பிடுவது என்று அவரிடமே நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

“இப்ப தட்டுல என்ன இருக்குது சார்?”

“ஒண்ணுமில்லை.”

“அப்ப ஒப்பிட்டே வரலைன்னு சொல்லுவீங்களா?”

வெங்கடபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “தட்டு சுத்தமா இருக்குது பாருங்க. அதுதானுங்க நமக்கு வேணும்.”

அன்று சாயங்காலமே அலுவலக உத்தரவு 14 வந்தது. ‘எட்டிப் பார்த்தல் இன்று முதல் தடை செய்யப்படுகிறது. புரோகிராமில் எங்கெல்லாம் எட்டிப் பார்க்கப்பட்டுள்ளதோ அங்கெல்லாம் எடுத்துப் பார்க்கவும். எந்தப் பிழையையும் முதலில் எடுத்துப் பார்க்கும் உரிமை வரவேற்புப் பிரிவுக்கு மட்டுமே.’

பிரிவுக்காரர்கள் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டிப் புரோகிராம், எழுதி என் புரோகிராமுக்குள் செருகினார்கள். பிழை வந்தால் அது முதலில் போய் எண்ணை எடுக்கும். ‘வணக்கம்’ என்று சொல்லும். யாருக்கும் கேட்காது, உள்ளே சொல்லும். எண்ணைக் கீழே விட்டுவிடும். அதற்குப் பின்னால் வருகிற ஸ்கிரீனுக்கும் என் பதிவேட்டு ஃபங்ஷனுக்கும் பூஜ்யம்தான் கிடைக்கும். அந்தப் பூஜ்யத்தை அது விசுவாசமாகப் பதிவேட்டில் எழுதி, கீழே ‘பதிவு: ரம்ஷா’ என்று என் பெயரையும் போடும். வரவேற்கிற எண்ணை எங்கேயாவது குறித்தாவது வையுங்கள் என்று கெஞ்சினேன். வீட்டுக்கு வந்தவர்களின் பெயரை வாசலில் எழுதிவைப்பது மரியாதை இல்லை என்று பதில் வந்தது.

பிரத்யுஷா என்னைத் தனியாக அழைத்துப்போனாள். “நீ சொல்றது எனக்குப் புரியாதாடி? நானும் உன்கூடத்தான படிச்சேன். இவர்கிட்ட வாயில பேசி ஆகாது. எல்லாத்தையும் லெட்டரா எழுதிக் குடு. நேரம் பாத்து நான் பேசறேன்.”

நாலு பக்கம் எழுதினேன். ‘ஒரு பிழையை ஒரு தடவைதான் எடுக்க முடியும். எடுத்த பிறகு அது வரிசையில் இருக்காது’ என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள். “எடுத்துக்கிட்டேன்டி. இனி நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா இரு,” என்றாள். நானும் நிம்மதியாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போதுகூட என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

இந்த லட்சணத்தில் சர்வரின் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. ‘காலாவதி ஏப்ரல் பதினேழு, மதியம் ஒன்று பத்து’ என்று மார்ச்சிலேயே ஃபைல் போட்டேன். ஏழு கையெழுத்து வேண்டும். ஐந்து வாங்கியாயிற்று. ஆறாவது கையெழுத்து வரவேற்புப் பிரிவில். சுபசகுனம் என்று பெயர் வைத்துக்கொண்டு ‘காலாவதி’ என்ற அபசகுன வார்த்தை எழுதலாமா என்று ஃபைல் திரும்பி வந்தது. ‘நிறைவு’ என்று மாற்றி அனுப்பினேன். எது நிறைவு, யாருக்கு நிறைவு என்று விளக்கம் கேட்டு மறுபடியும் வந்தது. ஏப்ரல் பதினாறாம் தேதி அது என் மேஜையில் இருந்தது, பதினேழாம் தேதி காலையில் மூன்றாம் முறையாக அனுப்பினேன்.

பதினேழாம் தேதி மதியம் ஒன்றே கால் மணிக்கு என் போன் அடித்தது. பல்லடத்துக்குப் பக்கம் கோழி செட் வைத்திருக்கிற ராசாத்தாள் அக்கா. ஜனவரியில் நான்தான் போய் அவருக்குப் பெட்டி மாட்டிக் கொடுத்தேன். ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று மூடியின் மேல் என் நம்பரை எழுதி, யாரும் திறக்காதபடி கம்பெனி சீல் வைத்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் பெட்டி மாட்டிய மற்ற செட்டெல்லாம் பக்கம் திறந்தவை, அவருடையது மட்டும் நாலு பக்கமும் அடைத்த செட். ஃபேன் நின்றால் உள்ளே காற்று கிடையாது. ஐயாயிரம் கோழி, முப்பத்திரண்டு நாள் வளர்ந்தவை, இன்னும் ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டியவை.

“ஏனுங்க அம்மணி, ஃபேனு ஓடலீங்க.”

“ஸ்கிரீன்ல என்ன இருக்குதுங்க அக்கா?”

“பிழை ஏதும் இல்லைங்க, நல்லா இருக்கறீங்களான்னு இருக்குதுங்க. கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு எளைக்குதுங்க. நான் என்ன பண்ணட்டுமுங்க?”

என் கம்ப்யூட்டரில் அவர் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். வரிசையாகப் பூஜ்யம். பூஜ்யம், பதிவு ரம்ஷா. பூஜ்யம், பதிவு ரம்ஷா. பூஜ்யத்தை நம்பாதீர்கள் என்று பதினோரு தடவை சொன்னவள் நான். அந்த நேரத்தில் எனக்கு என்ன கேடு வந்ததோ, நம்பிவிட்டேன்.

“பெட்டியில ஒண்ணுமில்லைங்க அக்கா. கரண்ட்டு வருதான்னு பாருங்க. மெயின் ஸ்விட்ச், ஃபியூஸ் எல்லாம் பாருங்க.”

பாவம், அவர் ஓடி ஓடிப் பார்த்தார். மெயின் சரி. ஃபியூஸ் சரி. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், சரி. இப்படியே பத்து நிமிஷம் போனது. அப்புறம்தான் எனக்கு மணி ஞாபகம் வந்தது. ஒன்று பத்து. யா அல்லாஹ் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

“அக்கா, பெட்டிய ஒடைங்க! கம்பெனி சீல அறுத்துட்டு, செவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் புடுங்கி நேரா ஃபேனுக்குக் குடுங்க!”

“சீலை அறுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே அம்மணி.”

“நான் சொல்றேனுங்க. அறுங்க!”

அறுத்தார். ஃபேன் ஓடியது. அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் கோழி போய்விட்டது.

நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, ஐந்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். செட்டுக்கு வெளியே கோழிகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் பெட்டியிடம் போய், ஒயர்களைத் திரும்ப மாட்டி, புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். வரவேற்புக்கு முன்னால் எட்டிப் பார்த்தேன். 167772294 என்று எண் வந்தது. சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். சான்றிதழைத் திறந்து பார்த்தேன். நாள் முடிந்தது, ஒன்று பத்து. கோளாறு பெட்டியைச் சேர்ந்தது, கம்பெனியைச் சேர்ந்தது, ஏழு கையெழுத்தைச் சேர்ந்தது. இந்தப் பெண்மணி மேல் ஒரு குற்றமும் இல்லை.

குஞ்சு கம்பெனியின் சூப்பர்வைசர் தீபக் அங்கே நின்றிருந்தார். குஞ்சும் தீவனமும் அவர்கள் கொடுப்பது, வளர்த்துக் கொடுப்பது ராசாத்தாள் அக்கா. நல்ல மனிதர்தான்.

“மேடம், பெட்டியில கோளாறுன்னு உங்க கம்பெனி லெட்டர்பேடுல ஒரு வரி வாங்கிக் குடுங்க. அது இருந்தா அடுத்த பேட்ச் குஞ்சு எறக்கிப்போடலாம். இல்லைன்னா வளத்தறவங்க கவனிக்கலைன்னு மேல எழுதிப்போடுவாங்க. அப்பறம் இந்த செட்டுக்குக் குஞ்சே வராதுங்க. வேற கம்பெனிக்காரனும் தரமாட்டான்.”

“நான் வாங்கித் தர்றேனுங்க,” என்று சொன்னேன். ராசாத்தாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

மறுநாள் காலையில் இரண்டு பிரிண்ட் எடுத்து ஒன்றை பிரத்யுஷாவிடம் கொடுத்தேன். எண், நேரம், சான்றிதழின் தேதி எல்லாம் அதில் இருந்தது. அவளுக்கு அந்த எண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை. படித்ததும் முகம் வெளுத்துப் போனது. அன்று காலையிலேயே சத்தமில்லாமல் ஆறாவது கையெழுத்தும் ஏழாவதும் விழுந்து, சான்றிதழ் புதுசாகியிருந்தது. எல்லாப் பெட்டியிலும் ஃபேன் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தம்மாவுக்கு ஒரு வரி லெட்டர் வேணும்டி. அது போதும்,” என்றேன்.

“எடுத்துக்கிட்டேன். விசாரணையில நானே பேசறேன்,” என்று என் தோளைத் தட்டினாள்.

விசாரணை மூன்று மணிக்கு நடந்தது. வெங்கடபதி நடுவில் உட்கார்ந்தார். முதலில் எல்லோரும் எழுந்து நின்று ‘பிழையே வருக’ என்று பிரிவின் உறுதிமொழியைச் சொன்னோம். அது முடியப் பத்து நிமிஷம் ஆனது.

“விசாரணைக்கு வந்திருக்கற பிழை எத்தனைங்க?” என்று கேட்டார்.

பிரத்யுஷா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“பூஜ்யங்க சார்.”

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். என் கையிலிருந்த இரண்டாவது பிரிண்ட்டை மேஜையில் வைத்தேன். “சார், இது பெட்டியில வந்த பிழை. காலையில பிரத்யுஷா கையில குடுத்தேன்.”

வெங்கடபதி அவளைப் பார்த்தார். அவள் ஒரு கடிதத்தை எடுத்தாள். என் கையெழுத்து தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது.

“இது ஏற்கெனவே எடுத்த பிழைங்க சார். இதைப்பத்தி ரம்ஷாவே போன வருஷம் நமக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. ‘ஒரு பிழையை ஒரு தடவைதான் எடுக்க முடியும். எடுத்த பிறகு அது வரிசையில் இருக்காது.’ அடிக்கோடும் போட்டிருக்காங்க.”

“அப்படீங்களா?” வெங்கடபதிக்கு முகம் மலர்ந்தது. “ரொம்ப சந்தோசமுங்க. நம்ம முறைய நம்ம புள்ளைங்களே எழுத்துல குடுத்திருக்கறாங்க. சரி, இந்தப் பிழைய எப்படிங்க பாத்தீங்க அம்மணி?”

“எட்டிப் பாத்தேனுங்க.”

உத்தரவு 14-ஐ யாரோ எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள்.

“சீலை அறுக்கச் சொன்னது யாருங்க?”

“நானுங்க சார். கோழி செத்துட்டிருந்துச்சுங்க.”

“கோழி சாவறது வருத்தந்தானுங்க. நானும் விவசாயக் குடும்பந்தான். ஆனா சீலுன்னா நம்ம மானமுங்க அது. பெட்டி அந்தம்மாகிட்ட என்ன சொல்லியிருக்குது? பிழை இல்லைங்கன்னு சொல்லியிருக்குது. நல்லா இருக்கறீங்களான்னு கேட்டிருக்குது. இதுக்கு மேல ஒரு கம்பெனி என்னங்க பண்ணோணும்? பதில்கூடச் சொல்லாம அறுத்துப்போட்டாங்க.”

வராந்தாவில் பிரத்யுஷாவைப் பிடித்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை.

“நம்பரப் பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன்.”

“அப்பறம் எதுக்குடி பூஜ்யம்னு சொன்ன?”

“நாளன்னிக்கு அவார்டு ரம்ஷா. எழுநூத்தம்பது நாளு. ஆறாவது கையெழுத்து என்னோடதுன்னு வெளிய வந்தா மொதல்ல என்னத்தான் தூக்குவாங்க. உனக்கு மெமோகூட வேண்டாம்னு நான்தான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். உனக்காக அவ்வளவு பண்ணியிருக்கேன்டி.”

“அந்த லெட்டர நீ அவர்கிட்ட குடுக்கவே இல்லையா? ஒரு வருசமா?”

“நீதான எடுத்துக்கச் சொன்ன,” என்றாள். பதினெட்டு வருஷ சிநேகிதம். எங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்த வாயால் சொன்னாள். வேறு யாராவது செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இவள் செய்ததால் அது கோபத்தோடு நிற்கவில்லை.

நாளன்னிக்கு அவார்டு என்று சொன்னாளே, அன்றைக்குப் பலகையில் 743-தானே வரும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. நடுவில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணாமல் விட்டுவிட்டோம் என்று கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். ராமுலு ஒரே நாளில் ஏழு எண் ஏறினார். விழாவில் வெங்கடபதி பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

“பிழை வராம இருக்கறது பெரிய காரியமில்லீங்க. கல்லுக்குக்கூட பிழை வராது. வந்த பிழைய வாங்கன்னு கூப்புட்டு, வணக்கம் சொல்லி, வந்ததே தெரியாம அனுப்பி வெக்கறோம் பாருங்க, அதுதானுங்க நம்ம மண்ணோட பண்பாடு. நம்ம கம்பெனியில மூவாயிரம் பெட்டி இருக்குது. ஒரு பெட்டிகூட இன்னிக்கு வரைக்கும் யாரையும் எதிர்த்துப் பேசினதில்லை.”

பலமாகக் கை தட்டினார்கள். பிரத்யுஷா மேடையில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ராஜினாமா எழுதி, முறைப்படி வரவேற்புப் பிரிவில் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து, ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டுக் கடிதம் வந்தது. என்னிடமிருந்து ராஜினாமா எதுவும் வரிசையில் இல்லையாம்.

அந்தக் கடிதம் வந்த அன்று பல்லடத்துக்குப் போனேன். அதற்கு முன்னால் போக எனக்கு முகம் இல்லை. லெட்டர் வாங்கித் தருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னவள், என்ன என்று போய் நிற்பது? என் இரண்டாவது பிரிண்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைத் தாள், லெட்டர்பேடு இல்லை.

செட் திறந்திருந்தது. கம்பெனியிலிருந்து ஆள் வந்து புதுச் சீல் வைத்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எட்டு ஃபேனும் அருமையாக ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு கோழி இல்லை. வெறும் தரையில் உமி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

ராசாத்தாள் அக்கா உமியைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றை ஓரமாக வைத்தார்.

“வாங்க கண்ணு. தண்ணி குடிக்கறீங்களா?”

“வேண்டாங்க அக்கா. லெட்டரு...”

“வந்துச்சுங்க.” ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார். சுபசகுனம் லெட்டர்பேடு, முத்திரை எல்லாம் இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி. ‘தங்கள் பெட்டியில் பிழை ஏதும் இல்லைங்க.’ கீழே, ‘பதிவு: ரம்ஷா.’

“நீங்க வாங்கித் தர்றேன்னீங்கல்ல, வந்துருச்சுன்னு நானும் தீபக்குத் தம்பிகிட்ட ஓடிப் போயி குடுத்தேனுங்க. அவரு படிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாருங்க. பெட்டியில பிழை இல்லைன்னா அப்பறம் பிழை எம்மேலதானுங்களே. குஞ்சு வராதுன்னுட்டாங்க. உங்க பேரு போட்டிருக்குதேன்னு ரெண்டு மூணு தடவை எடுத்துப் பாத்தேனுங்க.”

“நான் போடலைங்க அக்கா. அது தானா விழற பேருங்க. சத்தியமா நான் போடலை.” என் பிரிண்ட்டை நீட்டினேன். “இதுதானுங்க நெசம். இந்த நம்பரு. உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க.”

அவர் வாங்கிக்கொண்டார். எண்ணைப் பார்த்தார். அதை வைத்து யாரிடம் போவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாலாக மடித்து அதே கவருக்குள் வைத்தார்.

“ஒண்ணு சொன்னா தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. அன்னிக்கு அத்தனை பேரு வந்தீங்க. தீபக்கு வந்தாரு, கம்பெனிக்காரங்க வந்தாங்க, போட்டோ புடிச்சாங்க. நீங்களும் வெய்யிலோட ரெண்டு பஸ்ஸு மாறி வந்தீங்க. வந்ததும் நேராப் பெட்டிகிட்டத்தானுங்க போனீங்க. என்னைய நல்லா இருக்கறியான்னு கேட்டது அந்தப் பெட்டி ஒண்ணுதானுங்க.”

குரலில் கோபம் இல்லை. சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னார். அன்று நான் அந்தக் குவியலைத் தாண்டித்தான் பெட்டியிடம் போயிருக்கிறேன். குவியலுக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“நல்லா இருக்கறீங்களாங்க அக்கா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ராசாத்தாள் அக்கா விளக்குமாற்றை மறுபடியும் கையில் எடுத்தார்.

“பிழை ஏதும் இல்லைங்க,” என்றார்.